முறிந்த ஊசியின் முனை: பட்ட காயத்தைக் கதையாக்குவது

ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் கண்டிப்பான ஒரு நடைமுறை உண்டு. ஓவர்லாக்கிலோ பேட்லாக்கிலோ ஊசி முறிந்தால், உடைந்த துண்டு அத்தனையையும் டெய்லர் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். துண்டுகளை வரிசையாக வைத்து, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டுவார்கள். தேதி, நேரம், மெஷின் நம்பர், டெய்லர் பெயர், கையெழுத்து. அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் கிடக்கிற பீஸ் எல்லாம் தனியாக ஒதுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். கடல் தாண்டி எங்கோ ஒரு குழந்தை போடப்போகும் சட்டையில் ஊசி முனை இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

இனி ஒரு கற்பனை. பதினெட்டு வயதுப் பெண்ணின் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி முறிகிறது. எல்லாத் துண்டும் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. அது விரலுக்குள் இருக்கிறது.

பதினைந்து வருஷம் கழித்து அவள் அதைக் கதையாக எழுத உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய முதல் பிரதி அநேகமாக இப்படித்தான் தொடங்கும்: "அன்று நான் அனுபவித்த வேதனையைச் சொல்ல வார்த்தைகளே இல்லை. ஏழையாகப் பிறந்தது என் குற்றமா? இந்தச் சமூகம் எங்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை." எழுதியவருக்கு இந்த வரிகளைப் படித்தாலே கண் கலங்கும். படிப்பவருக்கு எதுவும் ஆகாது. இதே வரிகளைத் தீப்பெட்டி ஆபீஸிலோ செங்கல் சூளையிலோ வேலை பார்த்தவரும் எழுதியிருக்கலாம். அவளுக்கு மட்டுமே தெரிந்த ரெஜிஸ்டரும் செலோடேப்பும் கிடைக்காத முனையும் இந்தப் பிரதியில் எங்குமே இல்லை. வலியைச் சொல்லும் அவசரத்தில், வலி இருந்த இடம் விடுபட்டுப் போயிற்று.

அந்த முதல் பிரதியிலிருந்து கதைக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது.

எத்தனை நாள் பொறுப்பது

கோவையில் ஆட்டோ ஓட்டியவர் மு.சந்திரகுமார். இளம் வயதில் வேலை தேடி ஆந்திராவின் குண்டூருக்குப் போனார். 1983-இல் அவரையும் நண்பர்களையும் அங்கே போலீஸ் பிடித்தது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பதின்மூன்று நாள் அடித்தார்கள். பிறகு சிறைவாசம். அந்த அனுபவம் 'லாக்கப்' என்ற நூலாக வெளிவந்தது 2006-இல். இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அந்த நூலை அடிப்படையாக வைத்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சந்திரகுமாரும் அங்கே போயிருந்தார்.

சார்லஸ் டிக்கன்ஸும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் எடுத்துக்கொண்டார். 1824-இல் அவருடைய தந்தை கடனுக்காகச் சிறைக்குப் போன சமயம், பன்னிரண்டு வயதுப் பையனான அவரை லண்டனில் ஒரு ஷூ பாலிஷ் கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பினார்கள். வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்கு, பாலிஷ் நிரப்பிய ஜாடிகளைக் காகிதம் வைத்து மூடிக் கட்டி லேபிள் ஒட்டினார். கைமடிக்கும் பிசிறு வெட்டவும் பிள்ளைகளை அனுப்பிய காலத்தைப் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்தை உருமாற்றி எழுதிய 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவல் தொடராக வரத் தொடங்கியது 1849-இல்.

இதைப் பார்த்து, எழுத விரும்பும் எல்லோரும் இருபத்தைந்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டத் தேவையில்லை. எழுதுபவர் தன்னையே சோதித்துப் பார்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. நடந்ததைச் சொல்லும்போது, அன்று அந்த இடத்தில் இருந்த வேறு யாராவது ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைவுக்கு வருகிறதா? பக்கத்து மெஷின் அக்கா தையலை நிறுத்தினாரா, இல்லை கையிலிருந்த பீஸை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாரா? தன்னைத் தவிர இன்னொரு ஆள் தெரியத் தொடங்கினால் எழுத ஆரம்பிக்கலாம். தன் விரல் மட்டும்தான் தெரிகிறது என்றால் கதையை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். நோட்டு எழுதுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

யாருக்கும் காட்டாத நோட்டு

1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று நான்கு நாள் தொடர்ந்து எழுத வேண்டும். சிலர் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதினார்கள். சிலருக்கு, தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தில் நடந்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். சிலருக்கு உணர்ச்சியை மட்டும். இன்னும் சிலருக்கு இரண்டையும் சேர்த்து. எழுதி முடித்த உடனே, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. அடுத்து வந்த மாதங்களிலோ மருத்துவ மையத்துக்கு அவர்கள் போவது குறைந்தது.

கதை எழுதுபவருக்கு இதில் கிடைக்கும் பாடம், நடந்ததும் உணர்ந்ததும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது. "பயமாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் அது பாதி. "மணி பதினொன்று, டீக்காரர் வந்திருந்தார்" என்று மட்டும் எழுதினால் அதுவும் பாதி. டீக்காரர் வந்திருந்தார், எல்லோரும் எழுந்து போனார்கள், அவள் மட்டும் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள் என்கிற இடத்தில் இரண்டும் சேர்கின்றன.

பென்னிபேக்கரும் ஷெர்லாக் கேம்பலும் 2003-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எழுத்தாளர்களுக்கு இதைவிட நெருக்கமானது. ஒரே சம்பவத்தை ஒவ்வொரு நாளும் எழுதும்போது 'நான்' போன்ற பிரதிப்பெயர்களின் பயன்பாடு யாரிடம் மாறிக்கொண்டே வந்ததோ, அவர்களுக்கே எழுதியதால் பலன் கூடுதலாக இருந்தது. அதாவது பார்க்கும் இடம் மாற வேண்டும். முதல் நாள் 'நான்'. இரண்டாம் நாள் 'அவள்'. மூன்றாம் நாள் 'நாங்கள்'.

இந்த நோட்டு அச்சுக்கு அல்ல. இதில் திட்டலாம், சாபம் விடலாம், சாமியைக்கூடக் கேள்வி கேட்கலாம். எழுதத் தொடங்கிய பின் தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காமல் போனால், நோட்டை மூடிவைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவது நல்லது. 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. கதை எங்கேயும் ஓடிப்போகாது.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

டிக்கன்ஸுக்கு அந்தக் கம்பெனியைவிடப் பெரிய காயம் ஒன்று இருந்தது. தந்தை விடுதலையான பிறகும் மகன் மறுபடி அங்கே வேலைக்குப் போகட்டும் என்று அவருடைய தாய் நினைத்தார். இது அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. நாவலில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் ஒரு பாடத்திட்டமே கிடைக்கும். ஷூ பாலிஷ் கம்பெனி ஒயின் கிடங்காகிறது. பன்னிரண்டு வயது பத்தாகிறது. பிள்ளையை வேலைக்குத் தள்ளும் குற்றம் தாயிடமிருந்து நகர்ந்து மாற்றாந்தந்தையிடம் போகிறது. நாவலில் தாய் இறந்துபோனவள். கடன்காரத் தந்தையோ, வாசகர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே விரும்பும் மிக்காபர் ஆகிறார். இவ்வளவு மாறியும் புட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலை மட்டும் அப்படியே இருந்தது. இது அவர் சொந்தக் கதை என்பது நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்குத் தெரியும். டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆட்களை மாற்றலாம், உறவை மாற்றலாம், வருஷத்தை மாற்றலாம். கை செய்த வேலையை மாற்றக் கூடாது. உடம்புக்குத் தெரிந்த விஷயத்தில் பொய் நுழைந்தால், கம்பெனி வாசலையே மிதிக்காத வாசகருக்கும் அது தட்டுப்பட்டுவிடும்.

பெருமாள்முருகனின் 'நிழல்முற்றம்' இன்னொரு விதமான நகர்த்தலுக்கு உதாரணம். அவருடைய தந்தை திரையரங்கில் சோடாக்கடை வைத்திருந்தவர். நாவலோ கடைக்காரர் மகனைச் சுற்றி நடக்கவில்லை. கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்று அங்கேயே படுத்துக் கிடக்கும் பையன்களின் உலகத்தை அது சொல்கிறது. அருகில் நின்று பார்த்தவர், தன்னை ஓரத்தில் நிறுத்திவிட்டு, தன்னைவிட அதிகம் இழந்தவர்களை நடுவுக்குக் கொண்டுவந்தார். சொந்த வேதனை கதையில் நிற்க முடியாமல் தடுமாறும்போது, பக்கத்தில் இருந்தவரை நாயகராக்கிப் பார்க்கலாம்.

விரலில் ஊசி ஏறிய பெண்ணின் மூன்றாம் பிரதி இப்படி வரக்கூடும்:

"ரெஜிஸ்டரில் மூன்று துண்டு ஒட்டியிருந்தது. நாலாவதுக்கு இடம் விட்டிருந்தார் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் கேட்டார், 'முனையக் கொண்டாந்தியாம்மா?' கர்சீப் முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். டேப்பின் பசையில் ஒற்றி எடுத்து ஒட்டினார். நீளம் சரியாக வந்தது. 'கையெழுத்துப் போட்ருமா.' வலது கையில் கட்டு. இடது கையால் போட்டாள். அது அவள் கையெழுத்து மாதிரியே இல்லை."

வேதனை என்ற சொல் இதில் ஒரு முறைகூட வரவில்லை.

கம்பெனிச் சொற்கள்

தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் பிறந்த ஆர்.சண்முகசுந்தரம் 1942-இல் 'நாகம்மாள்' எழுதினார். கணவனை இழந்த ஒரு பெண் பங்கு கேட்பதும், அது குடும்பத்துக்குள் கொலைவரை போவதும்தான் கதை. கொங்கு வட்டாரப் பேச்சை நாவலுக்குள் துணிந்து கொண்டுவந்த முன்னோடி அவர். அந்தக் குடும்பத்தின் கசப்பைச் செந்தமிழில் சொல்லியிருந்தால் அது அந்த வீட்டுத் திண்ணையைவிட்டு எட்டிப் போயிருக்கும்.

பனியன் தொழிலுக்கும் இது பொருந்தும். திருப்பூரில் பிறந்து வளர்ந்த எம்.கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' 2004-இல் வந்தது. பள்ளிப் படிப்பு முடித்த ஐந்து நண்பர்களைப் பனியன் தொழில் எப்படித் தூக்கிவிடுகிறது, எங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது என்று அந்த நாவல் தொடர்கிறது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-இல் வந்தது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதை நாவலுக்குள் கொண்டுவந்தார் அவர். சாயக் கழிவு கலப்பதை நிறுத்தாத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். நாவல் பல வருஷம் முந்திக்கொண்டது.

கட்டிங், கைமடி, பவர்டேபிள், செக்கிங், டேமேஜ், பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். இவற்றுக்குப் புதுத் தமிழ் தேடி அலைய வேண்டாம். அடைப்புக்குறிக்குள் விளக்கமும் வேண்டாம். சொல் வேலை செய்யும் இடத்தைக் காட்டினால் போதும். "டேமேஜ்ல போட்டுட்டாங்க" என்று ஒரு பெண் தன் பீஸைப் பற்றிச் சொல்லும் காட்சி வந்துவிட்டால், பின்னால் அதே சொல்லை அவள் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும்போது வாசகருக்கு எந்த அகராதியும் தேவைப்படாது.

சூப்பர்வைசரின் பக்கம்

காயம் பட்டவர் எழுதும் கதைகளில் அடிக்கடி வரும் குறை, எதிரில் இருப்பவர் வெறும் அரக்கனாக நிற்பது. கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அரக்கனைப் பார்த்து வாசகர் பயப்படுவதில்லை, அவன் வேறு ஜாதி என்று தள்ளிவைத்துவிடுகிறார்.

'விசாரணை' படத்தின் முதல் பாதி சந்திரகுமாரின் அனுபவத்தை ஒட்டிப் போகிறது. இரண்டாம் பாதியில் கதை சென்னைக்கு நகர்கிறது. அங்கே சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேல் வருகிறார். ஓரளவு மனசாட்சி உள்ள போலீஸ்காரர். அவரும் அதே இயந்திரத்தில் அரைபடுகிறார். அவர் இல்லாவிட்டால் படம் சில கெட்ட போலீஸ்காரர்களைப் பற்றியதாக முடிந்திருக்கும்.

ரெஜிஸ்டரை நீட்டிய சூப்பர்வைசருக்கும் அப்படி ஒரு பக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது. மேலேயிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. அவரே பன்னிரண்டு வயதில் கைமடிக்கு வந்தவராக இருக்கலாம். அவளைத் தன் வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான், வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், டாக்டரிடம் "அந்த முனையக் குடுத்துருங்க சார்" என்று கேட்டு வாங்கியவரும் அவர்தான். இதையெல்லாம் எழுதினால் அவர் செய்தது சிறிதாகிவிடுமோ என்ற பயம் வரும். அப்படி ஆவதில்லை. பன் வாங்கிக் கொடுத்த அதே கை ரெஜிஸ்டரை நீட்டும்போது காட்சி இன்னும் கனத்துப் போகிறது.

ஊரும் உறவும் படிக்கும்போது

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தன்வரலாறும் புனைவும் கலந்த நூல். கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறி, வேலையும் பிடிப்பும் இல்லாமல் இருந்த நாட்களில் எழுதியது. பின்னால் அது தமிழின் முக்கியமான நூல்களில் ஒன்றாக மதிக்கப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்குக் கிராஸ்வேர்ட் விருதும் கிடைத்தது. ஆனால் வெளிவந்த புதிதில் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு. பல மாதம் ஊருக்குள் போக முடியவில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது 2014 கடைசியில். 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரச்சினையின் மையத்தில் இருந்தவற்றுள் ஒன்று, திருச்செங்கோடு என்ற ஊர்ப் பெயர்.

ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எப்படிப்பட்ட எடை உள்ளவை என்பதற்கு இவை சாட்சி. அதனால் பயந்து எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. அச்சுக்குப் போவதற்கு முன் சில வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவரை அடையாளம் காட்டும் மூன்று விஷயங்களையாவது மாற்றுவது முதல் வேலை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. கம்பெனி இருக்கும் வீதி, அவர் ஓட்டும் வண்டி, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுபோன்ற விவரங்கள் பெயரைவிட வேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி குற்றம். இது கற்பனைக் கதை என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் மட்டும் அதிலிருந்து தப்பிவிட முடியாது. கதையில் வரும் துயரத்தில் பங்குள்ள உறவினர் யாராவது இருந்தால், அம்மாவோ தங்கையோ, அச்சாகும் முன் அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. அனுமதி கேட்பதற்காக அல்ல, கடையில் புத்தகத்தைப் பார்த்துத் திடுக்கிடாமல் இருப்பதற்காக. புனைபெயரும் ஒரு வழி. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்த காலத்தில் எழுதத் தொடங்கியவர், வீட்டாருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்ட பெயர்தான் சல்மா. 'இரண்டாம் ஜாமங்களின் கதை' அந்தப் பெயரில்தான் வந்தது.

செய்து பார்க்க

முதல் வாரம். நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், ஒரே சம்பவம். முதல் நாள் 'நான்', இரண்டாம் நாள் 'அவன்' அல்லது 'அவள்', மூன்றாம் நாள் எதிராளியின் வாயிலிருந்து. நான்காம் நாள், அதே அறையில் இருந்தும் சம்பந்தப்படாத ஒருவர் பார்வையில். டீக்காரராக இருக்கலாம், செக்கிங் பெண்ணாக இருக்கலாம்.

இரண்டாம் வாரம். நான்கையும் வைத்துக்கொண்டு வேதனை, துயரம், கொடுமை, கண்ணீர், நெஞ்சம், விதி ஆகிய சொற்கள் வரும் இடங்களைச் சிவப்பு மையில் சுழிப்பது. ஒவ்வொரு சுழியிலும் அந்த நேரத்தில் கண்ணில் பட்ட, கையில் இருந்த, காதில் விழுந்த ஒன்றை எழுதிவிட்டுப் பழைய சொல்லை அடித்துவிட வேண்டும். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் அந்த வரியையே நீக்கிவிடலாம்.

மூன்றாம் வாரம். ஒரு காகிதத்தின் வடிவத்தை இரவல் வாங்குவது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இளம் வயதில் இருந்து, பின்னர் பிரான்ஸில் அகதியான ஷோபாசக்தி, 2001-இல் வந்த 'கொரில்லா'வை அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறார். அதிகாரிக்கு எழுதும் கடிதத்தின் வறண்ட மொழி, அதற்குள் சொல்லப்படும் விஷயத்தைத் தாங்க முடியாமல் திணறுகிறது. பனியன் கம்பெனியில் இப்படிப்பட்ட காகிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. சம்பளக் கவர், இ.எஸ்.ஐ. படிவம், ஹாஸ்டல் கேட் பாஸ், பீஸ் கணக்கு நோட்டு, ஊசி ரெஜிஸ்டர். இவற்றில் ஒன்றின் கட்டங்களுக்குள் மட்டும் எழுதி முழுக் கதையையும் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காம் வாரம். இரண்டு பேரிடம் படிக்கக் கொடுப்பது. ஒருவர் அந்தத் தொழில் தெரிந்தவர், இன்னொருவர் பனியன் கம்பெனிக்குள் காலடி வைக்காதவர். இது சொந்தக் கதை என்று சொல்லக் கூடாது. படித்து முடித்ததும் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியை, கேட்ட சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். "உனக்கா நடந்துச்சு? ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டால் பிரதியில் எழுதியவர் இன்னும் குறுக்கே நிற்கிறார், இரண்டாம் வார வேலையை இன்னொரு முறை செய்யலாம். தொழில் தெரிந்தவர் "எங்க கம்பெனியில முனை கிடைக்கலைன்னா பேக்கிங்கையே நிறுத்திருவாங்களே, இங்க ஏன் நிறுத்தலை?" என்று கேட்டால், விடுபட்ட நுணுக்கம் ஒன்றை அவர் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கம்பெனி தெரியாதவர் கதையை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெஜிஸ்டர் இப்ப எங்கீங்க இருக்கும்?" என்று கேட்டால், பிரதியை உறையில் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது.